ஜெலாதெத் அலி பெதிர்கானும் குர்தியர் விடுதலை இதழியலும்

ஜெலாதெத் அலி பெதிர்கான் (1893 - 1951) குர்து இனத்தைச் சேர்ந்த இதழாசிரியர், மொழி அறிஞர், அரசியல் செயற்பாட்டாளர். உதுமானியப் பேரரசின் தலைநகரான இஸ்தான்புல்லில் பிறந்து, வாழ்வின் பிற்பகுதி முழுவதையும் தாயகத்துக்கு வெளியே கழித்தவர். குர்தியருக்குத் தனிநாடு கோரிய 'கொய்பூன்' அமைப்பின் முதல் தலைவர். 1932 முதல் சிரியாவின் டமாஸ்கஸ் நகரிலிருந்து 'ஹவார்' என்ற இதழை நடத்தினார். குர்மாஞ்சி மொழிக்கு இன்று வழங்கும் லத்தீன் எழுத்துமுறை அந்த இதழின் பக்கங்களில்தான் நிலைபெற்றது.

குர்தியர் துருக்கி, ஈரான், ஈராக், சிரியா ஆகிய நான்கு நாடுகளில் பிரிந்து வாழும் மக்கள். அவர்களின் எண்ணிக்கை மூன்று கோடிக்கு மேல் என்று பொதுவாக மதிப்பிடப்படுகிறது. நான்கு நாடுகளிலும் அவர்கள் சிறுபான்மையினரே. இந்தப் பிரிவினை முதல் உலகப் போருக்குப் பின் வரையப்பட்ட எல்லைகளால் நிலைபெற்றது. அந்த எல்லைகளை ஏற்க மறுத்து எழுதிய தலைமுறையின் முதன்மையான குரல் ஜெலாதெத்துடையது. அவர் கேட்ட நாடு அமையவில்லை. ஆனால் அந்தக் கோரிக்கைக்காக அவர் செய்த வேலையின் ஒரு பகுதி இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. எந்தப் பகுதி நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்பதே அவரது வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி.

நாடு கடத்தப்பட்ட குடும்பம்

ஜெலாதெத்தின் பாட்டனார் பெதிர்கான் பெக், இன்றைய தென்கிழக்குத் துருக்கியில் ஜிஸ்ரே நகரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த போதான் சிற்றரசின் கடைசி ஆட்சியாளர். உதுமானிய அரசு மாகாணங்களை நேரடி ஆட்சியின் கீழ்க் கொண்டுவர முயன்றபோது அவர் எதிர்த்து நின்றார். 1847-இல் சரணடைந்தார். அரசு அவரைக் குடும்பத்தோடு கிரீட் தீவுக்கு அனுப்பியது. பின்னர் டமாஸ்கஸில் வாழ்ந்து அங்கேயே இறந்தார். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஊர் திரும்ப அனுமதிக்கப்படவில்லை. அவர்கள் இஸ்தான்புல்லில் கல்வி கற்று அரசுப் பணிகளில் சேர்ந்தனர்.

அவர்களுள் ஒருவரான மிக்தாத் மித்ஹத் பெதிர்கான் 1898 ஏப்ரல் 22 அன்று எகிப்தின் கெய்ரோ நகரில் 'குர்திஸ்தான்' என்ற இதழைத் தொடங்கினார். அறியப்பட்ட முதல் குர்து இதழ் இதுவே. சுல்தான் அப்துல் ஹமீதின் தணிக்கை எட்டாத இடம் என்பதால் கெய்ரோவைத் தேர்ந்தார். பேரரசுக்குள் இதழ் தடை செய்யப்பட்டது. மிக்தாத்துக்குப் பின் அவருடைய சகோதரர் அப்துர்ரஹ்மான் பொறுப்பேற்றார். ஜெனிவா, லண்டன், ஃபோக்ஸ்டோன் என்று ஊர் மாறி மாறி 31 இதழ்கள் வெளிவந்தன. 1902-இல் அது நின்றது. அகமதே கானி 17ஆம் நூற்றாண்டில் எழுதிய 'மெம் ஊ ஸீன்' காவியத்தின் பகுதிகள் அதில் அச்சேறின. அரசியல் கோரிக்கையும் தாய்மொழி இலக்கியமும் ஒரே இதழில் சேர்ந்து வருவது அன்றே தொடங்கிவிட்டது. குர்தியர் இன்றும் ஏப்ரல் 22-ஐ இதழியல் நாளாகக் கொண்டாடுகின்றனர்.

அந்த முதல் இதழ் வெளிவந்தபோது ஜெலாதெத்துக்கு வயது ஐந்து. அவருடைய தந்தை எமின் அலி நீதித்துறையில் பணியாற்றியவர். 1906-இல் இஸ்தான்புல் நகரத் தலைவர் ரித்வான் பாஷா கொல்லப்பட்டபோது பழி பெதிர்கான் குடும்பத்தின் மீது விழுந்தது. குடும்பம் முழுவதும் பேரரசின் பல மூலைகளுக்கு அனுப்பப்பட்டது. 1908-இல் இளந்துருக்கியர் புரட்சிக்குப் பிறகே அவர்களால் தலைநகருக்குத் திரும்ப முடிந்தது. இவ்வாறு நாடுகடத்தல் என்பதைச் சிறுவயதிலேயே அனுபவித்து வளர்ந்தவர் ஜெலாதெத். முதல் உலகப் போரில் உதுமானியப் படையில் அதிகாரியாகப் பணியாற்றினார்.

1919: மலாத்யாவில் ஒரு குறிப்பேடு

போரில் உதுமானியப் பேரரசு தோற்றதும் அதன் நிலப்பரப்பை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. குர்துப் பகுதிகளின் மனநிலையை அறிய, பிரிட்டிஷ் அரசு மேஜர் எட்வர்ட் நோயல் என்ற அதிகாரியை 1919-இல் அனுப்பியது. ஜெலாதெத்தும் அவருடைய தம்பி கமுரானும் அவருடன் சென்றனர். முஸ்தபா கமாலின் ஆதரவாளர்கள் இந்தப் பயணத்தைப் பிரிட்டிஷ் சதியாகக் கருதி அவர்களைக் கைது செய்ய முயன்றனர். குழுவினர் மலாத்யா நகரிலிருந்து தப்பி வெளியேற வேண்டியதாயிற்று.

அரசியல் நோக்கில் அந்தப் பயணத்தால் எதுவும் கிட்டவில்லை. ஆனால் அதில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைப் பின்னாளில் ஜெலாதெத்தே எழுதியுள்ளார். மலாத்யாப் பகுதிப் பழங்குடியினரிடமிருந்து அவர் பழமொழிகளையும் பாடல்களையும் கதைகளையும் திரட்டி அரபு எழுத்தில் குறித்துவந்தார். நோயலும் அதே வட்டார வழக்கைப் படிப்பவர். அவர் லத்தீன் எழுத்தில் குறித்தார். இருவரும் தத்தம் குறிப்புகளை மீண்டும் படித்துப் பார்த்தபோது, அந்நியரான நோயல் தடையின்றி வாசித்தார். தாய்மொழிக்காரரான ஜெலாதெத் தம் கையெழுத்திலேயே தடுமாறினார்.

இதற்குக் காரணம் எழுத்துமுறை. குர்மாஞ்சியில் எட்டு உயிரொலிகள் உண்டு. அன்று வழங்கிய அரபு எழுத்துமுறையிலோ குற்றுயிர்கள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. உகரமும் ஊகாரமும் ஒகர ஒலியும் ஒரே குறியைப் பகிர்ந்துகொண்டன; ஈகாரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரு குறிதான். சொல்லை முன்பே அறிந்தவருக்குத்தான் வாசிப்பு கைகூடும். பள்ளியே இல்லாத மொழிக்கு இது பெரிய தடை. லத்தீன் எழுத்தில் குர்து நெடுங்கணக்கு ஒன்றை அமைப்பது என்று அப்போதே முடிவு செய்ததாக ஜெலாதெத் குறிப்பிடுகிறார்.

இரண்டு உடன்படிக்கைகள்

1920 ஆகஸ்ட் 10 அன்று கையெழுத்தான செவ்ர் உடன்படிக்கையின் 62 முதல் 64 வரையான பிரிவுகள் குர்தியரைப் பற்றியவை. குர்துப் பகுதிக்குத் தன்னாட்சித் திட்டம் வகுக்கப்படும். பெரும்பான்மையோர் விடுதலையை விரும்புவதாக ஓராண்டுக்குள் உலக நாடுகள் சங்கத்திடம் காட்டினால், சங்கமும் அவர்களைத் தகுதியுடையவர்களாகக் கருதிப் பரிந்துரைத்தால், துருக்கி அப்பகுதியின் மீதான உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவை கூறின. ஆனால் முஸ்தபா கமாலின் படைகள் களத்தில் வென்றதால் செவ்ர் நடைமுறைக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக 1923 ஜூலை 24 அன்று கையெழுத்தான லொசான் உடன்படிக்கையில் குர்தியர் என்ற பெயரே இடம்பெறவில்லை. சிறுபான்மையோர் பாதுகாப்பு முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டுமே என்று வரையறுக்கப்பட்டது. முஸ்லிம்களான குர்தியர் அந்த வரையறைக்கு வெளியே நின்றனர்.

1922-இல் கமாலின் ஆட்சி இஸ்தான்புல்லை எட்டும் நிலையில் பெதிர்கான் குடும்பம் நகரை விட்டு வெளியேறியது. தந்தை எகிப்துக்குச் சென்றார். ஜெலாதெத்தும் கமுரானும் ஜெர்மனிக்குப் படிக்கச் சென்றனர். அவர்கள் அங்கிருந்தபோது, 1925 பிப்ரவரியில், துருக்கியில் ஷேக் சயீதின் எழுச்சி வெடித்தது. அரசு அதை ஒடுக்கியது. ஜூன் மாத இறுதியில் ஷேக் சயீது தியார்பக்கிர் நகரில் தூக்கிலிடப்பட்டார். மார்ச் மாதம் கொண்டுவரப்பட்ட 'அமைதி பேணும் சட்டம்' துருக்கியில் எதிர்ப்பு இதழ்களின் வாயை அடைத்தது. குர்து மொழியில் ஓர் இதழை நாட்டுக்குள் நடத்தும் வாய்ப்பு முற்றாக அற்றுப்போனது.

கொய்பூனும் அராரத் எழுச்சியும்

துருக்கியிலிருந்து தப்பிய குர்துத் தலைவர்கள் பலர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சிரியாவிலும் லெபனானிலும் திரண்டனர். 1927 அக்டோபரில் லெபனானின் பம்தூன் ஊரில் கொய்பூன் அமைப்பு நிறுவப்பட்டது. அப்பெயருக்குத் 'தானாக இருத்தல்' என்று பொருள் கொள்ளலாம். ஜெலாதெத் அதன் தலைவரானார். ஆர்மீனிய தாஷ்னாக் கட்சியுடன் கொய்பூன் உடன்பாடு செய்துகொண்டது. இது எளிதான கூட்டணி அன்று. 1915-இல் ஆர்மீனியர் கொன்றழிக்கப்பட்டபோது குர்துப் பழங்குடிகள் சிலவும் அதில் பங்கேற்றிருந்தன. பொது எதிரி என்ற கணக்கே இரு தரப்பையும் சேர்த்தது.

அதே ஆண்டு அராரத் மலைப் பகுதியில் இஹ்சான் நூரி பாஷாவின் தலைமையில் எழுச்சி வலுத்தது. சுதந்திரக் குர்து அரசும் அறிவிக்கப்பட்டது. மூன்றாண்டுகள் நீடித்த அப்போரைத் துருக்கி வான்படையையும் பெரும் தரைப்படையையும் கொண்டு 1930 செப்டம்பரில் முடித்தது. துருக்கிப் படை மலையைச் சுற்றி வளைக்க ஈரான் இடங்கொடுத்தது. பின்னர் 1932-இல் சிறிய அராரத் பகுதியையே துருக்கிக்கு விட்டுக்கொடுத்து எல்லையை மாற்றிக்கொண்டது. தெற்கிலிருந்து ஹாஜோ ஆகா முதலியோர் எல்லை தாண்டி நடத்திய தாக்குதலும் பலிக்கவில்லை. துருக்கியின் அழுத்தத்தால் பிரெஞ்சு அதிகாரிகள் கொய்பூன் தலைவர்களை எல்லைப் பகுதியிலிருந்து அகற்றி டமாஸ்கஸில் தங்கச் செய்தனர்.

ஆயுத வழி அடைபட்ட இந்த நிலையில்தான் ஜெலாதெத் பழைய குறிப்பேட்டுக்குத் திரும்பினார்.

ஹவார் இதழ்

'ஹவார்' என்பது ஆபத்தில் இருப்பவர் உதவிக்கு எழுப்பும் கூக்குரல். அந்தப் பெயரில் முதல் இதழ் 1932 மே 15 அன்று டமாஸ்கஸில் வெளிவந்தது. பிரெஞ்சு அதிகாரிகளின் அனுமதியோடு வந்த இதழ் அது. அரசியலை நாட்டின் சங்கங்களுக்கு விட்டுவிட்டு, மொழி, இலக்கியம், பண்பாடு ஆகியவற்றில் மட்டும் ஈடுபடுவதாக முதல் இதழிலேயே அறிவித்தது. அனுமதி பெறுவதற்கான சொற்கள் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஒரு மக்கள் கூட்டம் நிலைத்திருக்க முதல் நிபந்தனை மொழி என்று அதே இதழ் கூறியது. அரசியலிலிருந்து விலகுவதாகச் சொன்ன அதே பக்கத்தில் அரசியலின் அடித்தளம் இதுவே என்றும் சொன்னது.

தொடக்கத்தில் அரபு, லத்தீன் ஆகிய இரு எழுத்துகளிலும் ஹவார் அச்சானது. அரபு எழுத்து மட்டும் அறிந்தவர்களைப் படிப்படியாகப் புதிய எழுத்துக்குக் கொண்டுவருவதே நோக்கம். 24ஆம் இதழிலிருந்து குர்மாஞ்சிப் பக்கங்கள் முழுவதும் லத்தீன் எழுத்துக்கு மாறின. எட்டு உயிர், இருபத்துமூன்று மெய் என 31 எழுத்துகள் கொண்டது இந்த நெடுங்கணக்கு. ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்பது அதன் விதி. துருக்கி 1928-இல் ஏற்ற லத்தீன் எழுத்துமுறைக்கு இது பெரும்பாலும் நெருக்கமானது. துருக்கிக்குள் இருந்த குர்தியர் பள்ளியில் கற்கப்போகும் எழுத்து அதுவே என்பதால் இந்த நெருக்கம் பயனுடையதாக இருந்தது. குர்து ஒலிகளுக்காகச் சேர்ந்த கியூ, டபிள்யூ, எக்ஸ் ஆகிய மூன்றும் துருக்கி எழுத்தில் இல்லாதவை.

இதழில் இலக்கணப் பாடங்கள் தொடராக வந்தன. நாட்டுப்புறக் கதைகள், பாடல்கள், புதிய கவிதைகள், சிறுகதைகள், மொழிபெயர்ப்புகள் இடம்பெற்றன. ஜெகெர்குவின், ஒஸ்மான் சப்ரி, கத்ரி ஜான், நூரெத்தின் ஸாஸா முதலியோர் இதில் எழுதினர். கமுரான் எழுதினார். 1935-இல் ஜெலாதெத்தை மணந்த ரௌஷென் பெதிர்கானும் எழுதினார். ஆள் போதாத இடத்தை ஆசிரியரே நிரப்பினார். 'ஹெரெகொல் அஸீஸான்' போன்ற புனைபெயர்களில் அவர் எழுதியவை பல. பிரெஞ்சுப் பக்கங்களும் இருந்தன. ரோஜே லெஸ்கோ போன்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் உடனுழைத்தனர்.

சிரியாவுக்கும் துருக்கிக்கும் இடையிலான எல்லையில் நெடுந்தொலைவு பாக்தாத் இருப்புப்பாதை ஓடுகிறது. குர்தியர் வடபகுதியைக் 'கோட்டுக்கு மேலே' என்றும் தென்பகுதியைக் 'கோட்டுக்குக் கீழே' என்றும் சொல்வது வழக்கம். கோட்டுக்குக் கீழே அச்சான இதழ், மேலே இருந்த பெரும்பான்மை வாசகர்களை வெளிப்படையாகச் சென்றடைய முடியவில்லை. கீழேயும் எழுத்தறிவு குறைவு. ஹவாரின் வாசகர் வட்டம் சிறியதாகவே இருந்தது. பணம் இல்லாமல் 1935-இல் 26 இதழ்களோடு நின்றது. இரண்டாம் உலகப் போரின்போது, குர்தியரின் ஆதரவு நேச நாடுகளுக்குத் தேவைப்பட்ட சூழலில், 1941-இல் மீண்டும் வந்தது. 1943 ஆகஸ்டில் 57ஆம் இதழோடு முடிந்தது. போர்ச் செய்திகளைத் தாங்கிய படங்கள் நிறைந்த 'ரொனாஹி' இதழை 1942 முதல் 1945 வரை ஜெலாதெத் நடத்தினார். கமுரான் பெய்ரூட்டில் 'ரோஜா நூ' என்ற இதழை வெளியிட்டார்.

மூன்று மொழிகள், மூன்று வாசகர்கள்

விடுதலைக்காக ஜெலாதெத் எழுதியவற்றை அவர் எழுதிய மொழியைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, துருக்கி மொழி. துருக்கிக் குடியரசின் பத்தாம் ஆண்டையொட்டி 1933-இல் பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டது. அப்போது முஸ்தபா கமாலுக்கு அவர் ஒரு நீண்ட திறந்த மடல் எழுதினார். மன்னிப்பை ஏற்றுத் திரும்புவதற்குப் பதிலாக, குர்தியர் என்றொரு மக்கள் இல்லை என்ற அரசின் நிலைப்பாட்டை மொழியியல், வரலாற்றுச் சான்றுகளோடு மறுத்தார்.

இரண்டாவது, பிரெஞ்சு. 1934-இல் துருக்கி கொண்டுவந்த 2510ஆம் எண் குடியமர்வுச் சட்டம், துருக்கி மொழி பேசாதோரைப் பிற இடங்களுக்குப் பெயர்த்துச் சிதறடிக்க வழி செய்தது. அந்தச் சட்டத்தை அலசிப் பிரெஞ்சில் ஒரு சிறுநூலைப் புனைபெயரில் வெளியிட்டார். இது ஐரோப்பிய அரசுகளையும் பொதுமக்களையும் நோக்கிய முறையீடு.

மூன்றாவது, குர்மாஞ்சி. அதில் அவர் எழுதியது பெரும்பாலும் எழுத்து, இலக்கணம், கதை ஆகியவை. தனிநாடு என்ற சொல் குறைவாக வந்த எழுத்து இதுதான்.

துருக்கி மொழியில் எழுதிய மடலால் அரசின் கொள்கை மாறவில்லை. 1937-38-இல் தெர்சிம் பகுதியில் நடந்த ஒடுக்குமுறை முந்தையவற்றினும் கொடியது. பிரெஞ்சில் எழுதிய முறையீட்டைக் கேட்ட அரசுகள் தம் நலனுக்கேற்பவே நடந்தன. பிரிட்டன் 1919-இல் அக்கறை காட்டிப் பின்னர் கைவிட்டது. பிரான்ஸ் தேவைப்பட்டபோது அனுமதித்தது, தேவை முடிந்தபோது ஒதுங்கியது. நாடுகடந்து வாழும் இதழாளரின் நிலை அடைக்கலம் தரும் அரசின் கணக்கைச் சார்ந்தது என்பதை இது காட்டுகிறது. தம் மக்களின் மொழியில் எழுதியதற்கு மட்டும் யாருடைய பதிலும் தேவைப்படவில்லை. எழுதியதும் அது வாசகரிடம் வேலை செய்யத் தொடங்கியது.

இறுதி ஆண்டுகள்

1946-இல் பிரெஞ்சுப் படைகள் வெளியேறின. சுதந்திர சிரியாவில் குர்து இதழுக்கு ஆதரவில்லை. அதே ஆண்டு ஜனவரியில் ஈரானின் மஹாபாத் நகரில் அறிவிக்கப்பட்ட குர்துக் குடியரசு டிசம்பரில் வீழ்ந்தது. கமுரான் பாரிசுக்குச் சென்று கீழைமொழிகள் கல்லூரியில் குர்து மொழி கற்பித்தார். ஜெலாதெத் பிழைப்புக்காக டமாஸ்கஸ் அருகே வேளாண்மையில் இறங்கினார். 1951 ஜூலை 15 அன்று ஹெஜானே கிராமத்தில் ஒரு கிணற்று விபத்தில் உயிரிழந்தார். டமாஸ்கஸில் பாட்டனார் பெதிர்கான் பெக்கின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். லெஸ்கோவுடன் சேர்ந்து உருவாக்கிய குர்து இலக்கணம் 1970-இல்தான் பாரிசில் நூலாயிற்று.

மதிப்பீடு

ஜெலாதெத்தின் பணிக்கு வரம்புகள் உண்டு. அவர் மன்னர் குடும்பத்து மனிதர். அவரது இயக்கம் தலைவர்களையும் படித்தவர்களையும் சார்ந்தது. ஹவாரில் சொரானிப் பக்கங்களும் வந்தன என்றாலும், ஈராக்கிலும் ஈரானிலும் சொரானி பேசுவோர் திருத்திய அரபு எழுத்தையே தொடர்கின்றனர். எனவே எழுத்து எல்லாக் குர்தியரையும் ஒன்றாக்கவில்லை. லத்தீன் எழுத்தைக் கையாண்ட முதல்வரும் அவர் அல்லர். சோவியத் ஆர்மீனியாவில் 1929-இலேயே ஒரு லத்தீன் நெடுங்கணக்கு உருவாகி, 1930-இல் 'ரியா தெஸெ' என்ற செய்தித்தாளும் தொடங்கியது. 1940-களில் அரசு ஆணையால் அது சிரில்லிக் எழுத்துக்கு மாற்றப்பட்டது. அரசு தந்த எழுத்தை அரசே மாற்றியது. எந்த அரசும் தராத ஹவாரின் எழுத்து நிலைத்தது.

அது எளிதாக நிலைக்கவும் இல்லை. துருக்கியில் 1983-ஆம் ஆண்டின் 2932ஆம் எண் சட்டம் குர்து வெளியீடுகளுக்குக் கதவடைத்தது. 1991-இல் அது நீக்கப்பட்டது. அதன் பிறகும் கியூ, டபிள்யூ, எக்ஸ் எழுத்துகளைப் பெயர்களிலும் அறிவிப்புகளிலும் எழுதியதற்காக வழக்குகள் தொடுக்கப்பட்டன. அந்தத் தடை 2013-இல்தான் விலகியது. மூன்று எழுத்துகளுக்கு ஓர் அரசு இத்தனை ஆண்டு அஞ்சியிருந்தது என்பதே, எழுத்தும் அரசியல்தான் என்ற ஹவாரின் கருத்துக்குப் போதிய சான்று.

குர்தியர் மே 15-ஐக் குர்து மொழி நாளாகக் கொண்டாடுகின்றனர். அது ஒரு போர் வென்ற நாளோ நாடு பிறந்த நாளோ அன்று. டமாஸ்கஸில் ஓர் இதழ் அச்சிலிருந்து வெளிவந்த நாள்.